கயிறு சந்தனம் கையில

எருத்தேன்பதி
24.5.2025

சம்மந்தியம்மாவுக்கு செங்கோட்டையன் எழுதிக்கிறதுங்க.

போன்ல என்ற நம்பர அடைச்சு வச்சுப்போட்டீங்க. கடுதாசிய அடைக்க முடியாதுங்களே. நம்ம ஞானஜோதி வாராவாரம் மூணாறுக்குத் தக்காளி லோடு ஏத்தீட்டு வர்றான். அப்படியே சூரியநெல்லி வந்து இத உங்க கையில குடுத்து, பதில வாங்கீட்டுத்தான் எறங்கோணும்னு சொல்லித் தாட்டி விடறேன். நான் அஞ்சாங்கிளாசோட வாத்தியாருக்குக் கும்பிடு போட்டவன். எழுத்து கோணலா இருந்தா தலையக் கோணிப் படிச்சுக்குங்க.

உங்க மவன் நவீன்குமார் தேறீட்டு வர்றான். கவாத்துக் கத்தி எறங்குன எடத்துல, எடது முழங்கைக்குக் கீழ, எலும்பு வரைக்கும் வெட்டுங்க. தையல் பிரிச்சாச்சு. சுண்டுவெரலும் மோதிரவெரலும் மட்டும் மடங்க மாட்டேங்குது. "போனாப் போகுது மாப்ள, என்ற மவ முன்னால கையக் கட்டி நிக்கறதுக்கு மிச்ச வெரல் போதும்"னு சொன்னேன். மௌனிகா என்னைய மொறத்தால அடிச்சா. அவன் சிரிக்கல.

மத்தியானம் கண்ணசந்தா "ஏழாம் நம்பருக்குப் போகாதீங்க"ன்னு கத்திக்கிட்டு எந்திரிக்கிறான். அவன் சொன்னத நான் புரிஞ்சுக்கிட்ட மாதிரி எழுதறேன், செரியான்னு பாருங்க. அன்னைக்கு மழையில, ஆனை ஏழாம் நம்பர் தேயிலைக்குள்ள நிக்குதுன்னு, ஆனை எச்சரிக்கை சொல்ற கீழ் ரூம்ல மைக்கப் புடிச்சு இவன் கத்தியிருக்கான். ஆனா மேல பாறையில நீங்க காவலிருக்கற டிரான்ஸ்மிட்டருக்கு அந்தச் சத்தம் போய்ச் சேரல. அதனால ஆளுங்க குடியிருக்கற லயத்து ஹாரனெல்லாம் ஊமையாக் கெடந்துது. கொழுந்து பறிக்கற இந்து கூடைய மாட்டீட்டு நேரா ஏழாம் நம்பருக்கே போயி ஒத்தைக்கொம்பன் கால்ல சிக்கிக்கிச்சு. இவன் பொண்டாட்டியோட போன்ல கொஞ்சீட்டுத் தூங்கிப்போட்டான்னு நெனச்சு, இந்து புருசன் சந்தனம் கத்தியோட ரூமுக்குள்ள பூந்தான்.

இதுதானுங்களா நடந்தது? ரூமுல இருந்து பாறைக்குச் சத்தத்தத் தாட்டற ரெண்டு ஆன்டெனாத் தட்டையும் வச்சுக் கட்டுனவன் நான். வண்டியேறி வந்து பாக்கட்டுங்களா?

உங்க சம்மந்தி,
செங்கோட்டையன்


சூரியநெல்லி
1.6.2025

சம்பந்திக்கு மாரீஸ்வரி எழுதுறது.

வண்டியேற வேண்டாம். ஒங்க சிரிப்பும் எனக்கு இப்ப வேண்டாம்.

இந்துவ சாக்குல அள்ளுனோம். கூடையும் அவளும் ஒண்ணா மண்ணுல தேஞ்சு கெடந்தாக. கொழுந்து எது, சதை எதுன்னு பிரிக்க முடியல. சந்தனம் பக்கத்துல மண்டி போட்டு அவ செருப்பத் தேடுனான். ஒண்ணுதான் கெடச்சுச்சு. அத இடுப்புல சொருகிக்கிட்டுத்தான் கத்தியத் தூக்கிட்டு ஓடுனான்.

நவீன் பேசுனது நெசம். நான் மேல மிசினுக்குப் பக்கத்துலயே உக்காந்திருந்தேன். ஒரு பொட்டுச் சத்தம் வரல. ஆனை இந்தப் பக்கம் இல்ல போலன்னு டீ போட்டுக் குடிச்சேன். மழை விட்டு இலை காஞ்சதும் தன்னால சத்தம் வந்துச்சு. வந்தப்ப அவன் மைக்குல அழுதுக்கிட்டு இருந்தான்.

நீங்க தட்டு வச்ச வருசம் ரூமுக்கும் பாறைக்கும் நடுவுல பைலி முதலாளியோட கிராண்டிஸ் தைலமரக் காட்ட வெட்டி மொட்டையாப் போட்டிருந்தாக. "பாருங்க சம்மந்தி, கண்ணுக்குக் கண்ணு தெரியுது"ன்னு சிரிச்சுக்கிட்டே கோடு போட்டீக. இது ஒங்க ஊருத் தென்னையா, வெட்டுனா செத்துப் போக? வெட்டுன அடிக்கட்டையில இருந்து நாலு தண்டு கெளம்பி வருசத்துக்கு ரெண்டாள் ஒசரம் ஏறும். லயத்துல பால் குடிக்கிற புள்ளைக்கும் தெரியும். ஒரு ஆளக் கேட்டீகளா?

சந்தனம் ஜாமீன்ல வந்துட்டான். இனி ஹாரன் என்னைக்கு ஊமையானாலும் அன்னைக்கே நவீன் கழுத்த எடுப்பேன்னு டீக்கடையில அத்தனை பேர் முன்னாலயும் சொல்லியிருக்கான். எருத்தேன்பதிக்கு எந்த பஸ்ஸுன்னு ஞானஜோதிகிட்டயே கேட்டானாம். மழை எறங்கிட்டு. ஹாரன் தெனமும் விட்டு விட்டுத்தான் பேசுது. நவீன் எடத்துல இப்ப நிமிப் புள்ள மைக்குல பேசுறா. மேல மிசினுக்கு நான் இருக்கேன். நானும் எறங்கிட்டா இந்த மலையில ஆனை வருதுன்னு சொல்ல நாதி கெடையாது.

ஒங்க மக கிட்ட நவீன வெளிய விட வேண்டாம்னு சொல்லுங்க.

மாரீஸ்வரி


ஆசுபத்திரிக் கட்டில்
20.6.2025

சம்மந்தியம்மாவுக்கு,

வராதீங்கன்னு சொன்னீங்க. வந்தேன், ஆனா உங்களப் பாக்காம வந்தனுங்க. அந்தளவுக்குச் சொன்ன பேச்சுக் கேட்டிருக்கறேன்.

பைலி முதலாளிகிட்ட, சத்தம் போற கோட்டுல குறுக்க நிக்கற தண்டுகள மட்டும் கழிச்சுத் தாங்கன்னு நயமாக் கேட்டேன். "ஆன வந்நால் நீ பாட்டு பாடு"ன்னு சொல்லீட்டு உள்ள போயிட்டாரு. எனக்கும் கோவம் வருமுங்களே. மிசின் வாளத் தூக்கீட்டுப் பட்டப்பகல்லயே காட்டுக்குள்ள எறங்கீட்டேன். கொஞ்சந்தான் சாச்சிருப்பேன். அவரு ஆளுங்க நாலு பேரு வந்துட்டாங்க.

நான் வெட்டுன தண்டாலயே என்னைய அடிச்சாங்க. நல்ல கட்டைங்க. என்ற தொடையெலும்பு ஒடைஞ்சுது, அது ஒடையல. முன்பல்லு ரெண்டு போச்சு. போறதுக்கு முன்னால அந்தப் பல்லால ஒருத்தன் காதக் கவ்விப் புடிச்சேன். பாதிக் காது என்ற வாய்க்குள்ளயே நின்னுபோச்சு. துப்பறதா முழுங்கறதான்னு ரோசன பண்றதுக்குள்ள அடுத்த அடி. ஞானஜோதி வண்டியில தக்காளிப் பொட்டிங்களுக்கு நடுவால படுக்க வச்சுக் கொண்டாந்தான். எது ரத்தம் எது தக்காளின்னு செக்போஸ்ட்டுல கொழம்பிப் போயிட்டாங்க. தொடையில கம்பி வச்சிருக்காங்க. இனி தட்டு மாட்டக் கம்பத்துல ஏற முடியாதுன்னு டாக்டர் சொல்லீட்டாரு.

பைலி காட்டுல இனி கைவைக்க முடியாது. வெட்டுனாலும் நீங்க சொன்னாப்பல மறுக்கா மொளைக்கும். அதனால அந்தக் கோட்டையே உட்டுப்போடுவோம். கேளுங்க, சித்தே பொறுமையா.

காத்துல போற சத்தம் நூல் புடிச்சாப்பல போறதில்லீங்க. ரெண்டு முனையிலயும் ஒல்லியா இருக்கும், நடுவால வயிறு பெருத்துப் போகும், என்னைய மாதிரி. கண்ணுக்குத் தெரிஞ்சாப் பத்தாது, அந்த வயிறும் எதுலயும் ஒரசாமப் போகோணும். காஞ்ச எலைன்னா ஒரசீட்டாவது போயிரும். நனைஞ்ச எலை அப்படியே குடிச்சுப்போடும். அதனால வளைச்சுப் போலாம். நடுவால ஒரு கம்பம், அதுல ரெண்டு தட்டு. ஒண்ணு கீழ் ரூமப் பாக்கோணும், இன்னொண்ணு உங்க பாறையப் பாக்கோணும். கரண்டு வேண்டாம், வெயில் பலகையும் பேட்டரியும் நான் தாட்டி விடறேன். ஆனா கம்பத்துக்கு முன்னால எவனும் மரம் நட முடியாத பள்ளமா இருக்கோணும், ரெண்டு பக்கமும்.

எடம் கண்டுபுடிக்க மொகம் பாக்கற கண்ணாடி போதும். நீங்க அதுல எங்க பாத்திருக்கப் போறீங்க, புதுசாத்தான் இருக்கும். வெயில் வர்ற நேரம் பாத்து, நிமிய ரூம் கூரை மேல ஒரு கண்ணாடியோட நிறுத்துங்க. உங்க பாறை மேல இன்னொரு ஆள். நீங்க மேடு மேடா நடங்க. எந்த எடத்துல நின்னா ரெண்டு கண்ணாடி வெளிச்சமும் உங்க கண்ணுல அடிக்குதோ, அங்க ஒரு துணியக் கட்டீட்டு எனக்கு எழுதுங்க.

படுத்த வாக்குல,
செங்கோட்டையன்


சூரியநெல்லி
2.7.2025

சம்பந்திக்கு,

அடிபட்டது அன்னைக்கே தெரியும். ஆசுபத்திரிக்கு வரணும்னு நெனச்சேன், மிசின விட்டுட்டு வர முடியல. காதக் கடிச்சத இங்க லயம் முழுக்கச் சொல்லிச் சிரிக்காக. நான் சிரிக்கல. கொஞ்சம்தான்.

போன வாரம் மழையில ஹாரன் மறுபடி நின்னுச்சு. ஒத்தைக்கொம்பன் மேல் லயத்துக் கடைசி வீட்டுச் சுவத்தத் தள்ளிட்டுப் போனான். வீட்டுல ஆள் இல்ல, அதனால சாவு இல்ல. ஆனா சந்தனம் கத்தியோட ரூமுக்கு வந்துட்டான். நிமி உள்ள தாழ்ப்பாளப் போட்டுக்கிட்டா. கதவ வெட்டியே பொளந்திருக்கான். ஆட்கள் பிடிச்சு இழுத்தப்ப "இவ இல்ல, அவன் எங்க"ன்னு கேட்டானாம். அந்தக் கதவ மாத்தாம வச்சிருக்கோம். நிமி அந்தப் பொளவு வழியாத்தான் இப்ப வெளிய பாத்துட்டு மைக்க எடுக்கா.

நீங்க சொன்னபடி ரெண்டு பக்கமும் கண்ணாடியோட ஆள் நிறுத்திட்டு எல்லா மேடும் ஏறிட்டேன். தண்ணித் தொட்டிக்கிட்ட நின்னா ரூம் தெரியுது, பாறை தெரியல. சர்ச்சு மேட்டுல பாறை தெரியுது, ரூம மரம் மறைக்கு. பழைய பாக்டரிக் கூரையில ஏறிப் பாத்தேன், ரெண்டும் இல்ல. ஒரே ஒரு எடத்துல ரெண்டு வெளிச்சமும் கண்ணக் குத்துற மாதிரி விழுந்துச்சு. ரெண்டு பக்கமும் பள்ளம், வெறும் பாறை, மரம் நட மண்ணே கெடையாது. நீங்க கேட்ட அத்தனையும் அங்க இருக்கு.

அது சந்தனம் வீட்டுக் கோழிக்கூட்டுக்குப் பின்னால இருக்கு. அவன் பட்டா.

அவன் ஸ்டேஷன்ல கையெழுத்துப் போடப் போன நேரம் பாத்துத்தான் ஏறுனேன். அவன் நாய் என் கெண்டைக்கால்ல ஒரு வாய் எடுத்துக்கிட்டு. ஊசி போட்டாச்சு. துணி கட்டல. வேற வழி இருந்தா எழுதுங்க.

மாரீஸ்வரி


எருத்தேன்பதி
8.7.2025

சம்மந்தியம்மாவுக்கு,

அந்த நாய்க்கு ஊசி போட்டாங்களான்னு விசாரிச்சீங்களா? உங்களக் கடிச்சிருக்குதே, பாவம்.

வேற வழி யோசிச்சேன். ஒசரமான டவர் வச்சா மரத்துக்கு மேல போலாம், ஆனா மரம் வருசா வருசம் வளரும், டவர் வளராது. அந்தப் பாறைதானுங்க எடம். அங்க வச்சா உங்க பேரன் காலத்துக்கும் அசையாது. பேரனுக்கு இவங்க ரெண்டு பேரும் மொதல்ல மனசு வெக்கோணும், அது வேற கதை.

அதனால ஒரு ரோசன. எங்க பங்காளிங்க நாலு பேரு சும்மாத்தான் இருக்காங்க. ஞானஜோதி வண்டியில ஏத்தி விடறேன். சந்தனத்தோட கையக் கால மடக்கி ஓரமா உக்கார வச்சுப்போட்டு, ரொம்ப மொரண்டு புடிச்சா ஒரு காலு, அவ்வளவுதான், எனக்கு ஆனதுதானுங்களே, கம்பத்த நட்டுட்டு வந்திருவாங்க. ஒரு பகல் வேலை.

கடுதாசியெல்லாம் மௌனிகாதான் எங்களுக்குப் படிச்சுக் காட்டறா. நீங்க நாய்க்கடி எழுதுன எடத்துல உங்க மவன் எந்திரிச்சுப் போயி ஆடு கட்டற மொளைய ஒத்தக் கையால புடுங்கி எறிஞ்சான். அவனுக்கும் பங்காளிங்க ரோசன புடிச்சிருக்குது. உங்க உத்தரவுதான் பாக்கி. நீங்களாத் தனியா மட்டும் அந்தப் பக்கம் போகாதீங்க.

செங்கோட்டையன்


சூரியநெல்லி
15.7.2025

சம்பந்திக்கு,

ஒருத்தரையும் அனுப்பாதீக. கம்பத்த நட்டுட்டு ஒங்க பங்காளி போயிருவான். மறுநாள் அதக் காக்கப் போறது யாரு? அவன் கோழிக்கூட்டுப் பக்கமா ஒரு வெட்டு விட்டா ஒங்க ரெண்டு தட்டும் பள்ளத்துல கெடக்கும். ஹாரன் ஊமையாகும். அப்புறம் நவீன் கழுத்து.

அதனால நானே போனேன்.

கோழிக்குத் தீனி போட்டுக்கிட்டு நின்னான். "இந்துவுக்காக ஒரு எடம் கேக்க வந்தேன்"னு சொன்னேன். அவ பேர என் வாய்ல கேட்டதும் கழுத்தப் பிடிச்சு சுவத்துல வச்சான். கால் தரையில படல. இடுப்புல அந்தச் செருப்பு இன்னும் இருந்துச்சு, அது என் வயித்துல குத்துச்சு. கண்ணு இருட்டிக்கிட்டு வந்துச்சு. எப்ப விட்டான்னு தெரியல. கோழித் தண்ணியில கெடந்தேன்.

இருமிக்கிட்டே எல்லாத்தையும் சொன்னேன். நவீன் பேசுனத, இலை நனைஞ்சத, நான் மேல உக்காந்து டீ குடிச்சத. "ஏன் டீ குடிச்சே"ன்னு அத மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டான். கடைசியில சொன்னான்: "கம்பம் வெச்சுக்க. தட்டு மாட்ட ஒம் மகன்தான் ஏறணும். வேற எவன் ஏறுனாலும் கம்பியோட சேத்து வெட்டுவேன். அவன் இடுப்புக் கயிறு என் கையில இருக்கும்."

அந்தப் பாறைக்குப் பின்னால பள்ளம் எவ்வளவுன்னு ஒங்களுக்குத் தெரியும். கல்லப் போட்டா சத்தம் கேக்கச் சித்த நேரம் ஆகுது.

நான் முடியாதுன்னு சொல்லிட்டு வந்துட்டேன். ஹாரன் எப்படியோ போகட்டும், நவீன் அங்கேயே ஒங்க தோட்டத்துல தேங்கா பொறுக்கட்டும். இந்தக் கடுதாசிய மக படிக்க வேண்டாம். நீங்களே எழுத்துக் கூட்டிப் படிங்க.

மாரீஸ்வரி


எருத்தேன்பதி
19.7.2025

சம்மந்தியம்மாவுக்கு,

கடைசி வரியப் படிக்கறதுக்குள்ள அதுக்கு மேல எல்லாத்தையும் மௌனிகா சத்தமாப் படிச்சுப்போட்டா. கடுதாசிய அவகிட்டக் குடுத்தது ஞானஜோதி. நான் நொண்டி நொண்டி வாசலுக்கு வர்றதுக்குள்ள ஆயிப்போச்சுங்க.

உங்க மவன் போயித் தலைக்குத் தண்ணி ஊத்தீட்டு வந்தான். "மாமா, தட்ட எப்படித் திருப்பறதுன்னு ஒருக்கா சொல்லுங்க"ன்னான். மௌனிகா குறுக்க நின்னா, அழுதா, அவன் சட்டையக் கிழிச்சா. கம்பம், தட்டு, பேட்டரியெல்லாம் ஏத்துன வண்டியில கிழிஞ்ச சட்டையோடவே ஏறீட்டான். இந்தக் கடுதாசிய அவனேதான் கொண்டு வர்றான்.

இவன் கைக்கு அந்தக் கம்பத்துல புடி நிக்காது. நான் ஏறோணும். எனக்குக் காலில்ல.

மூணு விசயம் மறந்தறாதீங்க. கம்பத்து உச்சியில நான் கட்டிக் குடுத்த உருளை வழியாத்தான் கயிறு போகோணும். கீழ கயிறு புடிக்கறவன் வெறுங்கையில புடிக்கக் கூடாது, பாறையில ஒரு கம்பி அடிச்சு அதுல ரெண்டு சுத்துச் சுத்தீட்டுத்தான் புடிக்கோணும். மழையில ஏறக் கூடாது.

விளையாட்டா எழுதலாமுன்னு பேனாவ எடுத்தேன். வரலீங்க.

செங்கோட்டையன்


சூரியநெல்லி
27.7.2025

சம்பந்திக்கு,

நவீன் உசுரோட இருக்கான். மொதல்லயே எழுதிட்டேன். மக இனி மூச்சு விட்டுக்கிட்டுப் படிக்கட்டும்.

நீங்க சொன்ன மூணுல ஒண்ணுதான் நடந்துச்சு. உருளை மாட்டுனோம். கம்பியும் அடிச்சேன், சந்தனம் அத ஒதச்சுத் தள்ளிட்டான். "சுத்தல் கித்தல் வேண்டாம், கையில பிடிப்பேன்"னான். லயத்து ஆளுக பாதிப் பேரு வந்து நின்னாக. ஒருத்தரையும் கிட்ட விடல, கத்திய முன்னால குத்தி நட்டு வச்சுட்டான்.

நவீன் அவன் மூஞ்சியப் பாத்துத்தான் கயித்த இடுப்புல கட்டுனான். மொதத் தட்ட மாட்டி நிமி ரூமப் பாத்துத் திருப்பிட்டான். ரெண்டாவதத் தூக்கையில மழை வந்துட்டு. எறங்குடான்னு கத்துனேன். எறங்கல. இடது கையால கம்பத்தப் பிடிச்சுக்கிட்டு வலது கையால முடுக்குனான். மடங்காத ரெண்டு வெரல் எங்க இருந்து பாத்தாலும் தெரிஞ்சுச்சு. கடைசி நட்ட முடுக்கி முடிச்சான். கை வழுக்கிட்டு.

நான் கீழ பாத்தேன். சந்தனம் ரெண்டு கையையும் விரிச்சிருந்தான்.

பொய் சொல்ல மாட்டேன், விட்டுட்டான். கயிறு அவன் கைக்கு நடுவுல பாம்பு மாதிரி ஓடுச்சு. எம் புள்ள பள்ளத்துப் பக்கமா வந்துக்கிட்டு இருந்தான். பாறை விளிம்புக்குக் கிட்ட வந்தப்ப கயிறு நின்னுச்சு. சந்தனம் பிடிச்சிருந்தான். உள்ளங்கைத் தோல் முழுக்கக் கயித்தோட போயிட்டு. சதை வெள்ளையாத் தெரிஞ்சு, அப்புறம் ரத்தம் வந்துச்சு. பாறையில குதிகால ஊனிக்கிட்டு, பல்லக் கடிச்சுக்கிட்டு, விடாம நின்னான். நாங்க ஓடிப் போயி எம் புள்ளைய விளிம்புல இருந்து இழுத்தோம். நவீன் வாந்தி எடுத்தான். சந்தனம் அவனப் பாத்து, "தட்டத் திருப்பி வச்சது சரியா இருக்கான்னு நிமிகிட்டக் கேளு"ன்னான். அவ்வளவுதான்.

கொட்டுற மழையில நிமி மைக்க எடுத்தா. எல்லா லயத்துலயும் ஹாரன் பேசுச்சு. விக்கல் இல்ல, வெட்டு இல்ல. ஒங்க கோடு நிக்குது சம்பந்தி.

அப்புறம் சந்தனம் நவீன ரூமுக்கு அனுப்புனான். "அன்னைக்குச் சொன்னேன்னு சொல்றியே, அத அப்படியே சொல்லு. நான் இங்க நின்னு கேக்கேன்"னான். நவீன் கீழ போயிச் சொன்னான். "ஏழாம் நம்பருக்கு யாரும் போகாதீங்க. ஒத்தைக்கொம்பன் ஓடைக்கு மேல நிக்கான். இந்து அக்கா, நீங்கதான் மொத ஆளாக் கெளம்புவீங்க. இன்னைக்குப் போகாதீங்க அக்கா, வீட்டுக்குள்ளயே இருங்க." ஹாரன்ல அவ பேரு மலை முழுக்கக் கேட்டுச்சு. அன்னைக்கு மைக்குல அவ பேரச் சொன்னான்னு எங்கிட்டக் கூட அவன் சொன்னதில்ல. சந்தனம் இடுப்புல இருந்த செருப்ப எடுக்கப் பாத்தான். கையால பிடிக்க முடியல. நான்தான் எடுத்துக் கோழிக்கூட்டு மேல வச்சேன்.

நவீன் இனி இங்கதான், மைக்குக்குத் திரும்பிட்டான். மகள அடுத்த வண்டியில அனுப்புங்க. ஒங்க நம்பர இன்னும் திறக்கல. போன்ல ஒங்க சிரிப்பு காதுக்குள்ள வரும், கடுதாசின்னா மடிச்சு வச்சுக்கிடலாம்.

சந்தனத்துக்கு ரெண்டு கையிலயும் முழங்கை வரைக்கும் கட்டு. அவனுக்கு வேற ஆள் கெடையாது. ரெண்டு வேளையும் நான்தான் போயிக் கஞ்சி ஊட்டுறேன். நாய் இப்ப கடிக்கிறதில்ல. "கை ஆறட்டும், அப்புறம் ஒம் மகன வெட்டுறதா வேண்டாமான்னு பாத்துக்கிடுதேன்"னு தெனமும் சொல்லுதான். சொல்லிட்டு வாயத் திறக்கான்.

மாரீஸ்வரி